ஃபார்மேட் செய்தால் விண்டோஸ் லைசென்ஸ் போய்விடுமா?

லேப்டாப்பை மேசைமேல் வைத்ததும் வாடிக்கையாளர் முதலில் கேட்பது போட்டோக்களைப் பற்றி. அடுத்த கேள்வி இது: "தம்பி, வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸ் போட்டுத்தான் கொடுத்தாங்க. ஃபார்மேட் பண்ணினா அது போயிடாதே?"

பெரும்பாலும் போகாது. ஆனால் எதனால் போகாது, யாருக்குப் போகும் என்று தெரியாமல் "அதெல்லாம் போகாதுண்ணே" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினால், சாயங்காலம் திரையின் வலது மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்று மங்கலாக ஒரு வரி வந்து நிற்கும். அப்புறம் அதைத் துரத்திக்கொண்டு அலைவதைவிட, ஃபார்மேட் செய்வதற்கு முன் ஐந்து நிமிடம் பார்த்துவிடுவது எளிது. சர்வீஸ் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் "நீதான் கம்ப்யூட்டர் படிச்சிருக்கியே" என்று ஒரு பழைய லேப்டாப்பைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களுக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

'விண்டோஸ் போடுவது' என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று காரியங்கள்

முதல் காரியம், கோப்புகளை டிஸ்க்கில் எழுதுவது. இதில் ரகசியம் எதுவும் கிடையாது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் நிறுவும் கோப்பை மைக்ரோசாஃப்டே தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும், விண்டோஸ் நிறுவும் பூட்டபிள் பென்டிரைவுக்கும் லைசென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. "என்கிட்ட ஒரிஜினல் சிடி இருக்கு, அதிலிருந்து போட்டுடுங்க" என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிடி ஒரிஜினல் என்பதால் அதிலிருந்து போட்ட விண்டோஸும் ஒரிஜினல் ஆகிவிடாது.

இரண்டாவது, லைசென்ஸ். விண்டோஸை நாம் யாரும் விலைக்கு வாங்குவதில்லை; இன்னின்ன நிபந்தனைகளின்படி பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமையைத்தான் வாங்குகிறோம். அது ஒப்பந்தம். டிஸ்க்கில் இருக்கும் கோப்பு இல்லை என்பதால், டிஸ்க்கைத் துடைத்தால் அது துடைபடாது.

மூன்றாவது, ஆக்டிவேஷன். இந்த மெஷினுக்கு அந்த உரிமை உண்டா என்று மைக்ரோசாஃப்டின் சர்வர் பார்த்துத் தலையாட்டுவது. விண்டோஸ் 98 காலத்தில் இந்த மூன்றாம் படியே கிடையாது. 25 எழுத்துச் சாவியை அடித்தால் முடிந்தது. அதே சாவியைத் தெருவில் உள்ள எல்லா மெஷினிலும் அடிக்கலாம், கேட்க ஆளில்லை. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான், 30 நாளுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசி வழியாகவோ ஆக்டிவேட் செய்யவேண்டும் என்ற விதி வந்தது. அப்போதும் பெரிய நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த எக்ஸ்பி சாவிகளுக்கு இந்தச் சோதனை இல்லை. அப்படி வெளியே கசிந்த சாவி உலகம் முழுக்கச் சுற்றியது. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில்தான் அந்த ஓட்டையை அடைத்தார்கள்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் ஒன்று விளங்கும். லைசென்ஸ் முறையாக இருந்தும் ஆக்டிவேட் ஆகாமல் அடம்பிடிக்கும் மெஷின் உண்டு. ஆக்டிவேட் ஆகியிருப்பதாகத் திரையில் காட்டியும் லைசென்ஸே இல்லாத மெஷினும் உண்டு. முதல் வகையைச் சரிசெய்வது நம் வேலை. இரண்டாம் வகை தானாகவே நம் கடைக்கு வந்து சேரும். அதைப் பிறகு பார்ப்போம்.

கிணறு, பீரோ, குவார்ட்டர்ஸ் தண்ணீர்

பிராண்டட் லேப்டாப்போடு வரும் லைசென்ஸுக்கு ஓஇஎம் என்று பெயர். அது வீட்டுமனையில் வெட்டிய கிணறு மாதிரி. சுவரை இடித்துக் கட்டலாம், வெள்ளையடிக்கலாம், கூரையை மாற்றலாம். கிணறு அங்கேயே இருக்கும். ஆனால் வீட்டை மாற்றிக்கொண்டு போகும்போது கிணற்றைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஃபார்மேட் செய்வது, ராம் கூட்டுவது, பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்டுவது எல்லாம் வெள்ளையடிக்கும் ரகம். லேப்டாப் செத்துப்போனால் அதன் லைசென்ஸும் அதோடு சரி. புது லேப்டாப்புக்கு மாற்ற அனுமதி இல்லை.

தனியாகக் காசு கொடுத்து வாங்கும் ரீடெய்ல் லைசென்ஸ் பீரோ மாதிரி. வீடு மாறினால் கூடவே எடுத்துப் போகலாம். ஒரே நேரத்தில் இரண்டு வீட்டில் இருக்க முடியாது, அவ்வளவுதான். பழைய மெஷினிலிருந்து எடுத்துவிட்டுத்தான் புதியதில் போடவேண்டும்.

மூன்றாவது வால்யூம் லைசென்ஸ். கம்பெனி குவார்ட்டர்ஸில் குழாயில் வரும் தண்ணீர் போல, வேலையில் இருக்கும்வரை வரும். இதில் இரண்டு விதம். எம்ஏகே என்பது ஒரே சாவியை இத்தனை மெஷினுக்கு என்று எண்ணிக்கை வைத்துக் கொடுப்பது. கேஎம்எஸ் என்பது அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சர்வரை வைத்து, மற்ற மெஷின்கள் எல்லாம் அதனிடம் ஆக்டிவேஷன் வாங்கிக்கொள்வது. கேஎம்எஸ்ஸில் ஒருமுறை வாங்கிய ஆக்டிவேஷன் 180 நாள் செல்லும். மெஷின் வழக்கமாக ஏழு நாளுக்கு ஒருமுறை சர்வரைத் தேடிப் புதுப்பித்துக்கொள்ளும். ஆறு மாதம் அலுவலக நெட்வொர்க் பக்கமே போகாத லேப்டாப் அங்கீகாரத்தை இழந்துவிடும். இந்த 180 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், லைசென்ஸ் இல்லாமலே விண்டோஸை ஏமாற்றி ஆக்டிவேட் செய்யும் கிராக் பற்றிப் பேசும்போது திரும்ப வரும். அலுவலக லேப்டாப்பை யாராவது தனிப்பட்ட முறையில் ஃபார்மேட் செய்யக் கொண்டுவந்தால், அவர்கள் ஐடி துறைக்குத் திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது. லைசென்ஸும் அவருடையது இல்லை, உள்ளே இருக்கும் டேட்டாவும் அவருடையது இல்லை.

அசெம்பிள்டு சிஸ்டம்களுக்கு விற்கும் ஓஇஎம் லைசென்ஸும் கிணறு வகைதான், முதலில் போட்ட மதர்போர்டோடு ஒட்டிக்கொள்ளும். விலை குறைவு என்பதால் பலர் வாங்குவார்கள், மாற்ற முடியாது என்பதைச் சொல்லி விற்பவர்கள் குறைவு.

சாவி இடம் மாறிய கதை

விண்டோஸ் 7 லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் 25 எழுத்துச் சாவி. மடியில் வைத்து மடியில் வைத்து அந்த எழுத்து தேய்ந்து, டார்ச் அடித்து 'பி'யா '8'ஆ என்று பார்த்த காலம் ஒன்று இருந்தது. ஒரு வேடிக்கை என்னவென்றால், தொழிற்சாலையில் போட்டு வந்த விண்டோஸ் 7 பெரும்பாலும் அந்த ஸ்டிக்கர் சாவியைப் பயன்படுத்தியதே இல்லை. தயாரிப்பாளருக்கென்று பொதுவான ஒரு சாவியும், மெஷினை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் ஓர் அடையாளமும் சேர்ந்து ஆக்டிவேட் ஆகிவிடும். அதனால்தான் சாவி பார்க்கும் டூல் ஒன்றைக் காட்டும், ஸ்டிக்கர் வேறொன்றைக் காட்டும். புதிதாக வந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "யாரோ கிராக் போட்டிருக்காங்க" என்று வாடிக்கையாளரைப் பயமுறுத்துவார்கள்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது சாவி ஸ்டிக்கரிலிருந்து மதர்போர்டுக்குள் போய்விட்டது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனிச் சாவி, பயாஸ் சிப்பில் எழுதியே வரும். ஸ்டிக்கரில் லோகோ மட்டும். இப்படிப்பட்ட லேப்டாப்பில் விண்டோஸ் போடும்போது இன்ஸ்டாலர் சாவியைக் கேட்காது, சிப்பிலிருந்து தானே படித்துக்கொள்ளும். இணையம் கிடைத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். இன்று கடைக்கு வரும் பிராண்டட் லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த ரகம் என்பதால்தான் முதல் கேள்விக்குத் துணிந்து "போகாது" என்று சொல்ல முடிகிறது.

2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வந்தது. 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு இலவசமாக மாறிக்கொள்ள வாய்ப்பு கொடுத்தார்கள். அப்படி மாறியவர்களுக்குப் புதிதாகச் சாவி எதுவும் தரவில்லை. மெஷினின் வன்பொருளிலிருந்து ஒரு கைரேகை போல எடுத்து, 'இந்த ரேகை உள்ளவருக்கு அனுமதி உண்டு' என்று தங்கள் சர்வரில் குறித்துக்கொண்டார்கள். இதுதான் டிஜிட்டல் லைசென்ஸ். மறுபடி விண்டோஸ் போடும்போது சாவி கேட்டால் 'என்னிடம் சாவி இல்லை' என்பதைத் தட்டிவிட்டுப் போகலாம். ரேகை பொருந்தினால் ஆக்டிவேட் ஆகிவிடும்.

ஓராண்டு முடிந்த பின்னும் பழைய 7, 8 சாவிகளை விண்டோஸ் 10 பல ஆண்டுகள் ஏற்றுக்கொண்டுதான் இருந்தது. 2023 செப்டம்பரில் அந்த வழி முடிந்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. முன்பே மாறி டிஜிட்டல் லைசென்ஸ் வாங்கிய மெஷினுக்கு இதனால் பாதிப்பில்லை. இதுவரை விண்டோஸ் 7-லேயே ஓடிக்கொண்டிருந்த மெஷினை இப்போது 10-க்குக் கொண்டுபோனால், ஸ்டிக்கர் சாவியை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள்.

10-இலிருந்து 11-க்குப் போவதற்குத் தனி லைசென்ஸ் வேண்டாம், அதே உரிமை செல்லும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. "11 போட்டுக் கொடுங்க" என்று வருகிறவர்களுக்கு முட்டுக்கட்டை லைசென்ஸ் இல்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், பிராசஸரின் தலைமுறை போன்ற வன்பொருள் நிபந்தனைகள்தான்.

அந்த ஐந்து நிமிடம்

மெஷின் ஓடுகிற நிலையில் இருந்தால் செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறங்கள். விண்டோஸ் 11-இல் அது சிஸ்டம் என்பதற்குள் இருக்கும். அங்கே எடிஷன் (ஹோம், ப்ரோ என்று விண்டோஸின் எந்த வகை) பெயரையும், அதன் கீழே ஆக்டிவேஷன் நிலையைச் சொல்லும் வாக்கியத்தையும் முழுதாகப் படியுங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்று மட்டும் இருக்கிறதா, 'மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்த டிஜிட்டல் லைசென்ஸ்' என்று இருக்கிறதா, 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை' என்று இருக்கிறதா என்பதில்தான் விஷயம். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் தெளிவாகத் தெரிய ஒரு கட்டளை உண்டு. போனில் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று முடியுங்கள். சில நொடிகளில் ஒரு சிறு பெட்டி வரும். அதில் 'சேனல்' என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓஇஎம் டிஎம் என்றால் சாவி பயாஸ் சிப்பில் இருக்கிறது. ரீடெய்ல் என்றால் தனியாக வாங்கிய சாவி, அல்லது டிஜிட்டல் லைசென்ஸ். வால்யூம் என்றால் நிறுவனத்துடையது. வீட்டு லேப்டாப்பில் வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று வந்தால் புருவத்தை உயர்த்துங்கள்.

அதே பெட்டியில் சாவியின் கடைசி ஐந்து எழுத்தும் தெரியும். ப்ரோ எடிஷனில் அது 3வி66டி என்று இருந்தால், அந்தச் சாவியைக் குறித்துவைத்துப் பயனில்லை. டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள ப்ரோ மெஷின்கள் பலவற்றிலும் அதே பொதுச்சாவிதான் உட்கார்ந்திருக்கும். எடிஷனை நிறுவ மட்டும் அது உதவும், ஆக்டிவேட் செய்யும் சக்தி அதற்குக் கிடையாது. இது தெரியாமல், டூல் காட்டிய சாவியைப் பயபக்தியோடு நோட்டில் எழுதி வைத்து, பிறகு அது வேலை செய்யவில்லை என்று நானே ஒரு நாள் முழுக்கக் குழம்பியிருக்கிறேன்.

எடிஷன் பொருந்தாவிட்டால்

உரிமை இருந்தும் ஆக்டிவேட் ஆகாமல் போவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான். ஹோம் லைசென்ஸ் உள்ள மெஷினில் ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. நம் நாட்டில் விற்கும் லேப்டாப்களில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' என்ற எடிஷன் நிறைய வரும். அது சாதாரண ஹோமிலிருந்து வேறு, அதன் சாவி ஹோமில் பொருந்தாது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய பல எடிஷன் அடங்கிய கோப்பை வைத்திருந்தால் இன்ஸ்டாலரே சிப்பைப் படித்துச் சரியானதை எடுத்துக்கொள்ளும். யாரோ 'ப்ரோ மட்டும்' என்று தயாரித்துக் கொடுத்த பென்டிரைவைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தும் கடைகளில்தான் சிக்கல்.

தலைகீழாகவும் நடக்கும். லேப்டாப் ஹோமோடு வந்தது, பிறகு வாடிக்கையாளர் காசு கொடுத்து ப்ரோவுக்கு மாறியிருக்கிறார். நீங்கள் ஃபார்மேட் செய்தால் இன்ஸ்டாலர் சிப்பில் இருக்கும் பழைய ஹோம் சாவியைப் பார்த்து ஹோமையே போட்டுவிடும். பதற வேண்டாம். ஆக்டிவேஷன் பக்கத்தில், சிக்கலைத் தேடிப் பார்க்கும் ட்ரபுள்ஷூட்டரை ஓட்டினால், இந்த மெஷினுக்கு ப்ரோ உரிமை இருக்கிறது என்று கண்டுபிடித்து மாற வழி காட்டும். முன்பே எடுத்து வைத்த போன் படம் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். ஃபார்மேட் செய்த பிறகு அது ப்ரோவாக இருந்தது என்பதற்கு வேறு என்ன சாட்சி?

மதர்போர்டும் பயாஸ் சிப்பும்

மனையே மாறிவிட்டால் கிணறு ஏது? கைரேகையில் பெரும்பங்கு மதர்போர்டு என்பதால், அதை மாற்றினால் சர்வருக்கு அது வேறு மெஷின். அப்போது வரும் எரர் எண் எஃப்211 என்று முடிந்தால், வன்பொருள் மாறியிருக்கிறது என்று பொருள். எஃப்213 என்றால் இந்த மெஷினுக்குச் சாவியே கிடைக்கவில்லை என்கிறது. எஃப்074 என்றால் கேஎம்எஸ் சர்வரைத் தேடி ஏமாந்திருக்கிறது. சி008 என்றால் அந்தச் சாவி அனுமதித்ததைவிட அதிக மெஷின்களில் பயன்பட்டிருக்கிறது.

ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் வழி உண்டு. போர்டை மாற்றுவதற்கு முன்பே லைசென்ஸை வாடிக்கையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். 2016-இல் வந்த ஆனிவர்சரி அப்டேட்டிலிருந்து இந்த வசதி இருக்கிறது. மாற்றிய பின் ட்ரபுள்ஷூட்டரில் 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்பதைத் தட்டி, அதே கணக்கில் உள்நுழைந்து பழைய மெஷினைத் தேர்ந்தெடுக்கலாம். பிராண்டட் லேப்டாப்பின் போர்டு பழுதாகிக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் மாற்றினால், புது போர்டில் சாவியை எழுதித் தரும் ஏற்பாடு அவர்களிடம் உண்டு. வெளியே மாற்றினால் அது கிடையாது.

சிப் லெவல் வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயாஸ் கெட்டுப்போன லேப்டாப்புக்கு இணையத்திலிருந்து ஒரு பயாஸ் கோப்பை இறக்கி, சிப்பில் எழுதும் ப்ரோக்ராமர் கருவியில் வைத்து எழுதிவிடுகிறோம். மெஷின் எழுந்துவிடும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போய்விடுவார். ஆனால் அவருடைய விண்டோஸ் சாவியும் லேப்டாப்பின் சீரியல் எண்ணும் அந்தப் பழைய சிப்பின் உள்ளடக்கத்தில்தான் இருந்தன. எழுதுவதற்கு முன் பழையதைப் படித்து ஒரு நகல் எடுத்து வைக்காவிட்டால், லைசென்ஸை நம் கையாலேயே அழித்ததாகிவிடும். இறக்கிய கோப்பில் வேறு யாருடைய லேப்டாப்பின் சாவியோ இருந்து, அதில் ஆக்டிவேட் ஆகிவிடுவதும் உண்டு. பழைய சாமான் கடையிலிருந்து எடுத்துவந்து மாற்றிய போர்டுக்கும் இதே கதைதான். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், உரிமையோ இன்னொரு லேப்டாப்போடு வந்தது. "ஆக்டிவேட் ஆகிடுச்சு சார்" என்று சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

யாருடைய கணக்கு?

விண்டோஸ் 11 ஹோம் போடும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். வாடிக்கையாளர் பக்கத்தில் இல்லை, போன் எடுக்கவில்லை. அவசரத்துக்கு நம்முடைய சொந்தக் கணக்கைப் போட்டு உள்ளே போய்விடலாம் என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். லைசென்ஸ் உங்கள் கணக்கோடு இணைந்துகொள்ளும். அதைவிடப் பெரிய வம்பு, டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது சாவி இல்லாமல் டேட்டாவைப் படிக்க முடியாதபடி டிஸ்க்கைப் பூட்டுவது. புது விண்டோஸ் 11 மெஷின்களில் நாம் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்படுவது உண்டு. பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீ, முதலில் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ச் சேரும். ஒரு வருடம் கழித்து நீலத்திரை வந்து அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்போது, வாடிக்கையாளரின் கணக்கில் அது இருக்காது. உங்கள் கணக்கில் இருக்கும், அது உங்களுக்கும் நினைவிருக்காது.

இதே காரணத்தால், கடைக்கு வந்த லேப்டாப்பில் பயாஸ் அமைப்பைத் தொடுவதற்கு முன்னும், டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி டேட்டா எடுக்கலாம் என்று நினைப்பதற்கு முன்னும், பிட்லாக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாடிக்கையாளரை அவர் கணக்கில் உள்நுழையச் சொல்லி, ரெகவரி கீயை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

லேப்டாப்போடு இலவசமாக வரும் எம்எஸ் ஆபிஸும் கணக்கைச் சார்ந்ததுதான். ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் ஆபிஸ் முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் ஆக்டிவேட் ஆனதோ அதோடு ஒட்டிக்கொள்ளும். வாங்கிய அன்று விற்பனைப் பையன் அவசரமாக ஒரு மெயில் ஐடி உருவாக்கி ஆக்டிவேட் செய்து கொடுத்திருப்பான். வாடிக்கையாளருக்கு அந்த மெயில் பெயரே தெரியாது. ஃபார்மேட் செய்யும்வரை எல்லாம் நன்றாக ஓடும். ஆகவே வேர்டைத் திறந்து, ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் பக்கத்தில் எந்த மெயில் இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு தெரியாவிட்டால், மெஷின் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அதை மீட்டுவிடுங்கள்.

விண்டோஸ் தவிர மற்றவை

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கணக்கு அலுவலகத்தின் மெஷினை ஃபார்மேட் செய்தேன். டேட்டாவை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்தேன், விண்டோஸும் ஒழுங்காக ஆக்டிவேட் ஆனது. கணக்கு மென்பொருளைத் திரும்பப் போட்டபோதுதான் தெரிந்தது, அதன் லைசென்ஸைப் பழைய நிறுவலிலிருந்து விடுவிக்காமலே அழித்திருக்கிறேன். அன்று தேதி 19. மறுநாள் அவர்கள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். அந்த அண்ணன் என்னைத் திட்டக்கூட இல்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

டேலி போன்றவற்றில் லைசென்ஸை 'சரண்டர்' செய்வது என்று ஒரு படி இருக்கிறது. ஃபார்மேட்டுக்கு முன் அதைச் செய்துவிட வேண்டும், சீரியல் எண்ணும் பதிவு செய்த மெயில் ஐடியும் கையில் இருக்க வேண்டும். அடோபி மாதிரி சந்தா மென்பொருள்களில் வெளியேறிவிட்டு அழிப்பது நல்லது. ஸ்டூடியோக்காரர்கள், டிடிபி சென்டர்கள், பொறியியல் வரைபடம் போடுகிறவர்கள் ஆகியோரின் மெஷின் என்றால் ஸ்டார்ட் மெனு முழுவதையும் உருட்டிப் பார்த்து, காசு கொடுத்து வாங்கியவை எவை என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம் எல்லாம் அறிந்தவர்கள் என்ற நம்பிக்கை.

கிராக் போட்ட மெஷின்

"சும்மா ஒரு கிராக் போட்டு விட்டுடுங்க தம்பி, எல்லாக் கடையிலயும் செய்றாங்க." இதைக் கேட்காத நாள் குறைவு.

பரவலாகச் சுற்றும் கிராக் ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்பது புரியும். மேலே சொன்ன அலுவலக கேஎம்எஸ் சர்வர் இருக்கிறதல்லவா? அப்படி ஒரு சர்வர் இந்த மெஷினுக்குள்ளேயே இருப்பதுபோல நடிக்கும் நிரலைப் போட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் அதை நம்பி 180 நாள் வாங்கிக்கொள்ளும், நிரல் அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டிருக்கும். இதற்கு ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும், யார் எழுதினார்கள் என்று தெரியாத நிரலுக்கு மெஷினின் முழு அதிகாரத்தையும் கொடுக்க வேண்டும். அதே மெஷினில்தான் அவர் நெட் பேங்கிங் பார்ப்பார்.

இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் சாவிகளில் பல, ஏதோ ஒரு நிறுவனத்தின் எம்ஏகே எண்ணிக்கையிலிருந்து உருவியவை, அல்லது வேறு மெஷின்களுக்குச் சொந்தமான ஓஇஎம் சாவிகள். இன்று ஆக்டிவேட் ஆகும், சாவி முடக்கப்பட்டால் மறுபடி மூலையில் அந்த மங்கலான வரி வரும். அப்போது கெட்ட பெயர் சாவி விற்றவனுக்கு இல்லை, போட்டுக்கொடுத்த நமக்கு.

சட்டமும் இதில் சும்மா இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்துகிறவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் என்கிறது. தொழிலுக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டு அபராதத்தோடு நிறுத்தலாம் என்ற விலக்கும் அதிலேயே உண்டு. கடை, கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ் எல்லாம் தொழில் பக்கம் என்பதை வாடிக்கையாளருக்கு நினைவூட்டுவேன்.

இதில் எனக்குப் பிடித்த கேஸ் ஒன்று உண்டு, அடிக்கடி வரும். லேப்டாப்பில் கிராக் போட்ட ப்ரோ ஓடிக்கொண்டிருக்கும், சேனல் வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று காட்டும். அது பிராண்டட் லேப்டாப், விண்டோஸோடு வாங்கியது. என்ன நடந்திருக்கும்? முன்பு எவரோ ஒருவர் ஹோமை அழித்துவிட்டுக் கையிலிருந்த ப்ரோவைப் போட்டிருக்கிறார், ஆக்டிவேட் ஆகவில்லை, கிராக் போட்டுக் காசும் வாங்கியிருக்கிறார். ஒரிஜினல் ஹோம் சாவி பயாஸ் சிப்பில் அப்படியே தூங்கிக்கொண்டிருக்கிறது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. சரியான எடிஷனைப் போட்டு வைஃபையில் இணைத்தால் சில நிமிடங்களில், எதையும் கேட்காமல் ஆக்டிவேட் ஆகும். அதை வாடிக்கையாளரை உட்கார வைத்துக் காட்டுவேன்.

லைசென்ஸே இல்லாத மெஷின் என்றால் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். வாங்கலாம். வாங்கும்வரை ஆக்டிவேட் செய்யாமல் ஓடவிட்டால், மூலையில் அந்த வரி தெரியும், செட்டிங்ஸில் வால்பேப்பர், நிறம் போன்றவற்றை மாற்ற முடியாது. மற்றபடி மெஷின் ஓடும். அதை முறையான லைசென்ஸ் என்று சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது. பிரவுசரும் தமிழ் டைப்பிங்கும் மட்டும் போதும் என்பவர்களுக்கு லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சிலர் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்கள், சிலர் இன்றுவரை வரவில்லை.

வேலை முடிந்ததும் ஒரு சீட்டு எழுதுவேன். எடிஷன், சேனல், சாவியின் கடைசி ஐந்து எழுத்து, விண்டோஸும் ஆபிஸும் எந்த மெயிலோடு இணைந்திருக்கின்றன, பிட்லாக்கர் உண்டா, எந்த மென்பொருளை சரண்டர் செய்து திரும்பப் போட்டேன். பாஸ்வேர்டு எழுதுவதில்லை. அதை வாடிக்கையாளரிடமே கொடுத்து, லேப்டாப் பையின் உள்பையில் வைக்கச் சொல்லிவிடுவேன். அடுத்த முறை அவர் வேறு கடைக்குப் போனாலும், அங்கே இருக்கும் பையனுக்கு அந்த ஐந்து நிமிடம் மிச்சம்.